நெரிஞ்சிப்பேட்டைத் துறை, சண்டைக் காலம்

நேற்றுவரை புகையிலைப் பொதி மறித்தவன்;
இன்று கும்பினியின் கண்.
மாசம் ஆறு பணம், இரண்டு வள்ளம் ராகி,
கழியில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புத் துணி.

"அக்கட்டால குதிரை தெரிஞ்சா ஆட்டு" என்றார் சுபேதார்.
ஆட்டலாமுங்க.
ஆனா பரிசலுக்கு ஏதுங்க முன்னும் பின்னும்?
சுழி பிடித்தால்
மைசூர்க் கரை, உங்கள் கூடாரம்,
மைசூர்க் கரை, உங்கள் கூடாரம்.
எது பகையென்று எருமைத்தோலுக்கு யார் சொல்வது?

மூன்றாம் சாமத்தில் வந்தன. நாற்பது இருக்கும்.
தண்ணீர் குடித்தன.
கடைசிக் குதிரையின் கழுத்தில்
ஒரு பையன் கவிழ்ந்து தூங்கினான்,
வாயைத் திறந்தபடி.
இருட்டில் சிவப்புத் துணியும் கறுப்புத்தான்.

விடிந்ததும் கணக்கப்பிள்ளை கேட்டார்.
நீர்நாய்கள் என்றேன், ஒரு கூட்டம்.
எழுதிக்கொண்டார்.
போன மாசத்து ராகியைப் பற்றிக் கேட்டேன்.
அதை எழுதவில்லை.