பதினேழாம் சிலிண்டர்

இரவு இரண்டு மணிக்கு நிரப்பினேன்.
பதினேழு. மஞ்சள் பூச்சு, கழுத்தில் ஒரு கீறல்.
மலபாஸ்குவா தீவில் அந்நேரம் விழித்திருப்பது
நானும் என் கம்ப்ரசரும்
யார் வீட்டிலோ கால்கட்டிய சண்டைச் சேவலும்.

இருநூறு பார். வால்வை மூடிப்
படகில் ஏற்றினால் என் வேலை முடிந்தது.
அன்று கயிறு பிடிக்க ஆளில்லை,
நானும் போனேன்.

சுறா பார்க்க இறங்கியவர்கள் ஆறு பேர்.
நொனிலோன் சுக்கானில் சாய்ந்தபடி
குமிழிக் கூட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஆறு. ஆறு. ஐந்து.

இடப்பக்க மூங்கிலுக்கு அப்பால் ஒரு தலை.
கத்தவில்லை. கையசைக்கவில்லை.
தண்ணீருக்குள் எதையோ
தேடுவதுபோல் கவிழ்ந்து கிடந்தது.

ஜுன்ரெல் குதித்தபோது
அவன் வாயில் பாதி ரொட்டி இருந்தது.
அதைத் துப்பிவிட்டு, நீந்தியபடியே
அந்த வாயில் ஊதினான்.
இழுத்துப் போட்டோம், மல்லாக்க, தட்டையாக.
டோர்பென். டென்மார்க். நேற்றிரவு
எல்லோருக்கும் பீர் வாங்கித் தந்தவர்.
உதட்டோரம் இளஞ்சிவப்பு நுரை.

பச்சைப் பெட்டியை நான் திறந்தேன்.
வால்வு என்றால் என் கைக்குத் தெரியும்.
முகமூடி, பதினைந்து லிட்டர்.
ஆறு நாற்பத்திரண்டு என்று
மூங்கில் மேலேயே மார்க்கரால் எழுதினேன்.
இந்த ஆக்சிஜன் நாற்பது நிமிடம்.
கரைக்கு முப்பத்தைந்து.
அழுத்த அறை இருக்கும் செபுவுக்கு
அங்கிருந்து நாலு மணி நேரம்.

ஆனால் கீழே இன்னும் ஐந்து பேர்.
அவர்கள் தலைக்கு மேலே எங்கள் விசிறி.

நொனிலோன் வானொலியில் ஒரே வாக்கியம் பேசினார்.
பக்கத்துப் படகு திரும்புவது தெரிந்ததும்
மீன் அறுக்கும் கத்தியால் நங்கூரக் கயிற்றை வெட்டி
முனையில் ஆரஞ்சு மிதவையைக் கட்டினார்.
"தள்ளு."
நீளக் கழியை ஊன்ற அடியில் தரையில்லை,
துடுப்புப் போட்டோம்,
குமிழிகளைத் தாண்டும்வரை ஒருவரும் பேசவில்லை.
பிறகுதான் எஞ்சின்.

மாரிவிக் மேலே வந்தபோது படகைக் காணோம்,
மிதவைதான்.
அவள் கையில் ஒற்றைத் துடுப்புக் காலணி.
முப்பது மீட்டரில் அவர் திமிறி ஏறியபோது
எட்டிப் பிடித்தாள், கழன்று வந்துவிட்டது.
மற்ற நால்வரையும் கூட்டிக்கொண்டு
ஐந்து மீட்டரில் நிற்கவேண்டிய மூன்று நிமிடமும்
நின்றுவிட்டுத்தான் வந்தாள்.
அதுதான் சரி.
அதைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

வழியில் டோர்பென் இருமினார்.
ஜுன்ரெல் சிரித்தான், அழுதான், எது என்று தெரியவில்லை.
நொனிலோன் கடலைப் பார்த்தபடி கேட்டார்:
"என்ன காத்து அடிச்ச?"

கோபமில்லை அதில். கேட்டே ஆகவேண்டியதைக் கேட்டார்.
நான் பதினேழின் வால்வை மூடினேன்.
இரண்டரைச் சுற்று. மீதி நூற்றுப் பத்து பார்.
இரண்டையும் முழங்கையில் எழுதிக்கொண்டேன்.

நான்காம் நாள் செய்தி வந்தது: கண் திறந்தார்,
இடது கால் இன்னும் சொன்னபேச்சு கேட்பதில்லை.
அதிகாரிகள் சிலிண்டரைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள்.
முடிவு வர இரண்டு வாரமாம்.

இப்போதும் இரண்டு மணிக்கே நிரப்புகிறேன்.
ஒவ்வொன்றையும் திறந்து
முதல் மூச்சை நான் இழுத்துப் பார்க்கிறேன்.
வாசனை எதுவும் இல்லை.
கெட்ட காற்றிலும் சிலதற்கு வாசனை இருக்காது என்று
மாரிவிக் சொல்லியிருக்கிறாள்.
தலை சுற்றுகிறதா என்று கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கிறேன்.
சேவல் கயிற்றை இழுக்கிறது.
பதினெட்டு.