பதினான்கு நிமிடம்

லேப்டாப்பை மாவுச் சாக்கில் சுற்றிக்
கொண்டுவந்தார் சாத்துர்நினோ காயிசாயா.
"எழுந்திருக்கப் பதினான்கு நிமிடம்.
ஜூன் குளிரில் பதினாறு."
மினிபஸ் சங்கத்தின் நேரக் கணக்கராக இருந்தவர்.
குத்துமதிப்பாகப் பேசத் தெரியாது அவருக்கு.

பித்தானை அழுத்தினேன்.
நீல வட்டம் சுற்றத் தொடங்கியது.
கடைக்கு மேலே கேபிள் கார்
ஒன்று போய், ஒன்று வந்து,
இன்னொன்று போய்,
எதிர்க்கடை எவாங்கெலினா மூன்று சார்ஜர் விற்று
சில்லறை கேட்டு வந்து, வாங்கிப் போனபின்னும்
வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

காதை வைத்துக் கேட்டேன்.
டிக். சத்தமில்லை. டிக். டிக்.
சாவியைத் தொலைத்தவர்
பார்த்த அறையையே திரும்பப் பார்க்கும் காலடி.

எல் ஆல்டோவில் இது புதிதல்ல.
ஹார்ட் டிஸ்கின் தட்டைப் படிக்கும் முனை
தட்டைத் தொடுவதே இல்லை.
தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத இடைவெளியில்
காற்றின்மேல் மிதந்துகொண்டு படிக்கிறது.
மூவாயிரம் மீட்டர் உயரம்வரைதான் அதற்குப் பொறுப்பேற்பார்கள்
செய்து அனுப்பியவர்கள்.
நாங்கள் கடை போட்டிருப்பது நாலாயிரத்துக்கும் மேலே.
விமானத்தில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்
நாலு படி ஏறிச் சுவரைப் பிடிப்பார் இல்லையா,
அதே மூச்சு.

"இதுக்கும் கோக்கா இலை கொடுத்துப் பார்க்கலாமா?"
கேட்டவர் சிரிக்கவில்லை.

மாற்றினேன்.
சுழலாதது, மிதக்காதது, உள்ளங்கை அகலம்.
காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.
பழையதைத் துணியில் முடிந்து அவரிடமே கொடுத்தேன்,
பிடுங்கிய பல்லைக் கொடுப்பதுபோல.

அப்படியும் மூன்று நிமிடம்.

அப்போதுதான் அந்தப் பட்டியலைத் திறந்தேன்.
முப்பத்தோரு பெயர்கள்.
"யார் இவங்க எல்லாம்?"
"நீங்க எழுப்பினதும் தானும் எழுந்துக்கணும்னு
பேர் கொடுத்து வெச்சவங்க."
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.
"இது லா சேஹா, காலை ஏழு மணி.
எல்லா வண்டியும் மூக்கை நுழைச்சாச்சு,
எல்லாக் கதவுலயும் ஒரு பையன் தொங்கிக் கத்தறான்,
ஒருத்தனும் நகர முடியலை."
பிறகு,
"தள்ளிக்கோம்மா. இது என் வேலை."

மவுஸை அவரிடம் விட்டேன்.
விசாரணை நடந்தது.
பிரிண்டரின் உதவியாள்: பிரிண்டரையே விற்றாயிற்று, இறங்கு.
வைரஸ் காவலர்கள் மூவர், ஒரே வாசலுக்கு:
ஒருவர் நில்லும், இருவர் வீட்டுக்குப் போங்கள்.
மருமகன் போட்ட சீட்டாட்டம்: வெளியே.
பெயரே எழுத்துக் கூளமாக ஒன்று.
"இது யாரு?"
"எனக்கும் தெரியலை."
தேடிப் பார்த்தோம்.
எட்டு வருடம் முன்பு தொலைந்துபோன கேமராவுக்காக
தினமும் எழுந்து காத்திருந்திருக்கிறது.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அதையும் அணைத்தார்.

கடைசிக்கு முந்தியது வானிலை சொல்லும் ஒன்று,
ஒரே ஊரின் வானிலை. கலாமா, சிலி.
"இதுதான் ரொம்ப இழுக்குது. இருபது விநாடி..."
"அது இருக்கட்டும்."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு
அந்தச் செம்புச் சுரங்கத்தில் ஓர் ஆள் உண்டு.

அணைத்தேன். போட்டேன்.
கை பழக்கத்தில் பிளாஸ்கை எடுத்தவர்
மூடியில் தேநீரை ஊற்றி முடிப்பதற்குள்
அவருடைய கணக்கு ஏடு திரையில் வந்து நின்றது.
ஆவி பறக்கும் மூடியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.
"இப்ப இதை எப்பக் குடிக்கிறது?" என்றார்,
நான் ஏதோ எடுத்துக்கொண்டதுபோல.

மூலையில், எல்லோருக்கும் பின்னால்,
அவசரமில்லாமல் வந்து சேர்ந்தது:
கலாமா, ஒன்பது டிகிரி, லேசான காற்று.
அதன்பிறகே முதல் வாய் குடித்தார்.

கூலியில் இருபது பொலிவியானோ குறைத்துத்தான் கொடுத்தார்.
வண்டிகளை ஒழுங்கு பண்ணினது
நீயா நானா என்று கேட்டார்.
எண்ணி வாங்கிக்கொண்டேன்.