பதினோராவது எதிரி

பந்தலூர் கோர்ட்டில் வாரண்டு பார்க்க
முதலில் மழை விடவேண்டும்.
விடாது.
ஆகவே குடையோடு போ.
வாசலிலேயே மடக்கி வைத்துவிடு,
உள்ளே சொட்டினால் எமிலி மேடத்துக்கு ஆகாது.

போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள்.
பார்க்கலாம்.
சேரம்பாடி வளைவில் ஒரே ஒரு கோடு சிக்னல் வரும்.
மாவட்டம், கோர்ட்டு, பெயர், வருஷம்,
கோணல்மாணலாய் நாலு எழுத்து காட்டி
அப்படியே அடி என்னும்.
அடிப்பதற்குள் கோடு போய்விடும்.
போகாவிட்டாலும்
ஞானசீலன் என்பதை இங்கிலீஷில் ஐந்து விதமாய் எழுதலாம்.
அன்றைய ஏட்டு எதை எழுதினாரோ.

எனக்கு ஜீப் ஓட்ட பேட்ஜ் வேண்டும்.
பேட்ஜுக்கு போலீஸ் சான்று வேண்டும்.
ஸ்டேஷனில் கேட்டார்கள்:
"பழைய மறியல் கேஸ்ல நீ இருக்கியா?"
இருக்கலாம்.
அன்றைக்கு ரோட்டில் யார்தான் இல்லை.

கேஸ் நம்பர் இருந்தால் பத்து நிமிஷம்.
இல்லாவிட்டால் குற்ற எண்.
அதுவும் இல்லாவிட்டால் தேதி.
தேதி எனக்குத் தெரியும்.
ஆடி மாசம், சம்பளத்துக்கு முந்தின நாள்,
இருட்டோடு ஏழாம் நம்பர் லைனுக்குப் பின்னால்
ஒதுங்கப் போன கோணேஸை
யானை அடித்த நாள்.

பாடியை ரோட்டில் வைத்து
மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தோம்.
ஆர்.டி.ஓ. வரட்டும், லைட் போடட்டும், அகழி வெட்டட்டும்.
தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கால் நனைந்துகொண்டிருந்தது.
இழுத்து மூடினால் தலை தெரிந்தது.
நெடியவன்.

எமிலி மேடம் பதிவேட்டை எடுத்தார்.
அட்டை விட்டுப்போய் நாடா போட்டுக் கட்டியது.
ஓரமெல்லாம் பூசணம்.
விரல் இறங்கியது.
முதல் எதிரி, ஆஜர், அபராதம் கட்டியாச்சு.
இரண்டாவது எதிரி, திருப்பூர் போயாச்சு, வாரண்டு.
மூன்று, நாலு, ஐந்து, அபராதம்.
ஆறாவது பெண். அதுவும் அபராதம்.
என் பெயர் வரவேயில்லை.
பெயர் எழுதின நேரம் நான்
எல்லோருக்கும் டீ வாங்கப் போயிருப்பேன்.

விரல் பதினொன்றில் நின்றது.
"கோணேஸ். தகப்பன் பெயர் சன்னாசி. ஏழாம் நம்பர் லைன்.
சம்மன் மூணு தடவை.
ஜாமீனில் விடமுடியாத பிடிவாரண்டு.
தேடியும் கிடைக்கவில்லை."

கோர்ட்டு மொழியில் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரி.
யாருக்கு என்று கேட்கக்கூடாது.

புது எஸ்.ஐ., கையில் நோட்டு,
கூட்டத்தைச் சுற்றி வந்தவர்
தார்ப்பாயைக் காட்டி "இது யாரு?" என்றிருப்பார்.
அழுகிற யாரோ பெயரைச் சொல்லியிருப்பார்கள்,
கேட்டதற்கு, மரியாதையாக,
தகப்பன் பெயரோடு.

பிறகு வாரண்டோடு கான்ஸ்டபிள் போஜராஜ்
அந்த லைனுக்கு ஏறியிருக்கிறார்.
ஒரு தடவை, இரண்டு தடவை, அட்டை கடிக்க மூன்றாம் தடவை.
"கோணேஸ் இருக்காரா?"
யோகமலர் கதவைப் பிடித்துக்கொண்டு
மூன்று தடவையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்:
"அவரு இல்லீங்க."
அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

"உங்க ஆளா?" என்றார் மேடம்.
"வாரண்டு ரத்துக்கு எதிரி நேர்ல வரணும்.
வரச் சொல்லுங்க. ஒண்ணும் பண்ணமாட்டாங்க."

சொன்னேன்.
கொஞ்ச நேரம் தகரத்தில் மழைதான் பேசியது.
அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துவிட்டு,
"அப்போ இறப்புச் சான்று. ஒரிஜினல்" என்றார்.

ஒரிஜினல் வனத்துறையில் இருக்கிறது.
நஷ்டஈட்டுக்கு வாங்கி வைத்தார்கள்.
ரேஞ்சர் ஆபீஸ் இங்கிருந்து இருநூறு அடி.
அங்கே கோணேஸ் செத்துப்போனவன், முத்திரை போட்டு.
இங்கே ஓடிப்போனவன், முத்திரை போட்டு.
நடுவில் ஒரு பேக்கரி.

சி.சி. நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
அந்தக் கையை மடியில் மறைத்தபடி
பேக்கரியில் உட்கார்ந்து ஒரு பன் தின்றேன்.
யோகமலரிடம் இதை
எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது.