மிதவை

தகுவாரெம்போவில் ஜூலைக் குளிர்.
ஷெட்டுத் தரையில் விரித்த அட்டையில்
இரவெல்லாம் சொட்டிய பெட்ரோல்
எந்த வரைபடத்திலும் இல்லாத ஏரி.

முப்பத்தொன்றாம் வருஷத்து ஃபோர்டு.
பாதி என் பெயரில், பாதி ஒலெகாரியோ பெயரில்.
விவாகரத்தில் நீதிபதி
வீட்டைப் பிரித்தார், மாடுகளை எண்ணிப் பிரித்தார்,
காரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.

"கேஸ்கெட்" என்றான்.
மூன்று முறை மாற்றினோம்.
"ஊசி வால்வு" என்றேன்.
அதையும் மாற்றினோம். சொட்டியது.
குற்றம் கண்டுபிடிப்பதில்
இருவருமே கெட்டி.

கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றி
பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினேன்.
களக்.
மிதக்க வேண்டியதே குடித்துவிட்டுக் கிடந்தால்
வால்வை யார் மூடுவது?

அவன் மாத்தே குடிக்கக் கொண்டுவந்த
ஃபிளாஸ்க்கைப் பிடுங்கி
வெந்நீரைத் தகர டப்பாவில் கவிழ்த்தேன்.
"அடிப்பாவி, ஒரு வாய்கூடக் குடிக்கலையே!"
மிதவையை அமுக்கிப் பிடித்தேன்.
பற்றவைத்த ஓரத்தில் ஒரு குமிழி.
கொஞ்சம் யோசித்து, இன்னொன்று.
கடுகில் கால்வாசி ஓட்டை.

ஊசியால் அதைப் பெரிதாக்கி
உதறி உதறி வடித்தான். ஒரு ஸ்பூன் இருக்கும்.
அவ்வளவுக்கா இத்தனை வருஷம்?
இரவு காயவிட்டு, மறுநாள் ஈயம் வைத்தேன்.
கூடிப்போனது. எடை ஏறினால் மறுபடி மூழ்கும் என்று
அரத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னான்:
"காலியாய் இருப்பதுதான் இதற்கு உத்தியோகம்."
யாரைச் சொன்னான் என்று கேட்கவில்லை.

அடுத்த விடியலில் அட்டை காய்ந்திருந்தது.
சனிக்கிழமை கார் அவன் முறை.
சாவியோடு
ஃபிளாஸ்க்கையும் நிரப்பிக் கொடுத்தேன்.

கடன் பாக்கி வைக்கக் கூடாது.