தணிக்கைக் குறிப்பு 14-க்கு விளக்கம்

ஐயா,
லிட்டருக்குப் பதினைந்து என்று
கம்பெனித் தாளில் இருப்பது உண்மை.
என் லாக்புக்கில் எட்டு புள்ளி ஆறு என்று இருப்பதும் உண்மை.
இரண்டுக்கும் நடுவில் இருப்பது
பெட்டமுகிலாளம்.

அந்தப் பதினைந்தை அளந்த இடத்தில்
வண்டி நகரவே இல்லையாம்.
உருளை மேல் சக்கரம் சுற்றியிருக்கிறது,
கூரைக்குக் கீழே.
வழியில் யாரும் கை காட்டவில்லை.
யானை சாலையைக் கடக்கும் வரை
யாரும் இன்ஜினை உறுமவிட்டு நிற்கவில்லை.

நான் அளப்பது இப்படி:
தேன்கனிக்கோட்டை பங்க்கில் கழுத்துவரை நிரப்புவேன்.
நுரை அடங்கட்டும் என்று நிற்பேன்.
"இன்னும் முக்கால் போகும்ணா" என்பாள் ரத்னம்மா.
போகும்.
ட்ரிப் மீட்டரைச் சைபருக்குத் தள்ளுவேன்.
மறுபடி நிரப்புவதும் அதே குழாய்,
வண்டி சாயாத அதே சிமென்ட்டுத் தரை.
பதினோரு மாதமாக.
இதில் பொய் சொல்ல இடமில்லை,
சொல்லத் தெரியாமல் இல்லை.

அய்யூர் தாண்டியதும் மூன்றாவது கியர் இரண்டாகும்,
இரண்டு ஒன்றாகும்.
மழை ஊறிய செம்மண் வந்தால்
குட்டைக் கம்பியை இழுத்து
நாலு சக்கரத்தையும் வேலைக்குக் கூப்பிடுவேன்.
அப்போது திரையில் 3.1.
அதைப் பார்க்கக் கூடாது,
பந்தியில் உட்கார்ந்தவன் இலையில்
பருக்கை எண்ணுவது மாதிரி.

இறக்கத்தில் காலை எடுத்தால் 99.9 என்று காட்டும்.
அதையும் பார்க்கக் கூடாது.
ஏறும்போது திட்டிய மலை
இறங்கும்போது கொஞ்சுகிறது, அவ்வளவுதான்.

நியூட்ரலில் இறக்கினால் மிச்சமாகுமே
என்று கேட்டார் உங்கள் உதவியாளர்.
அவரை ஒருநாள் முன்சீட்டில் உட்கார வைக்க
அனுமதி கோருகிறேன்.

ஏ.சி. போட்டது நிஜம்.
எங்களுக்கு அல்ல.
தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.
டாக்டர் ஃபர்ஹானா
அன்று முழுக்க சால்வை போர்த்திக்கொண்டு வந்தார்.

ஜூலை பத்தொன்பது இரவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.
ஓடிய தூரம்: இல்லை.
செலவு: மூன்று லிட்டர்.

மாதேவனுடைய எருமை.
கன்று குறுக்கே கிடந்தது.
மரம் விழுந்து மாலையிலிருந்தே கரண்ட் இல்லை,
செல்போன் வெளிச்சம் டாக்டரின் முழங்கை வரைதான் எட்டியது,
அவருடைய கையோ தோள்வரை உள்ளே இருந்தது.
வண்டியை வேலி ஓரம் திருப்பி
ஹெட்லைட்டைத் தொழுவத்துக்குக் காட்டினேன்.
பேட்டரியை நம்பி அணைக்க முடியாது,
காலையில் தள்ளுவதற்கு அங்கே சமதளம் கிடையாது.
மூன்று மணி நேரம்
ஒரே இடத்தில் ஓடினோம்.

கன்று பிழைக்கவில்லை.
எருமை விடியற்காலை எழுந்து நின்று
என் பம்பரை முகர்ந்தது.

'பயணத்தின் நோக்கம்' என்ற கட்டத்தில்
'வெளிச்சம்' என்று எழுதினேன்.
அந்தச் சொல்லைத்தான்
சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறீர்கள்.
வேறு சொல் இருந்தால் தெரிவிக்கவும்,
அடித்து எழுதித் தருகிறேன்.

என் பக்கத்தில் ஒரு தவறு உண்டு.
போன தையில் மாட்டிய டயர்
பழையதைவிட ஒரு விரல் உயரம்.
ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாகப் போகிறோம்,
மீட்டருக்கு அது தெரியாது.
நூறு கிலோமீட்டர் போனால்
தொண்ணூற்றாறு என்கிறது.
சரிசெய்தால் கணக்கு ஒன்பதுக்குப் பக்கத்தில் வரும்.
சேர்க்கச் சொல்லவில்லை.
தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

பிடித்தம் செய்வதானால் மூன்று தவணையாகச் செய்யவும்.
மகளுக்கு ஜூனில் ஃபீஸ்.

வியாழக்கிழமை மறுபடி மலை,
கோமாரி ஊசி, நானூறு மாடு.
டேங்கில் கால்வாசிதான் இருக்கிறது.
இன்டென்ட் இணைத்திருக்கிறேன்,
கையெழுத்துக்கு இடம் விட்டு.

இப்படிக்கு,
பெ. நஞ்சப்பன், ஓட்டுநர்.