டாஷ்போர்டு வெயில்

இந்தத் தீவில் இலையுதிர்காலம்
மின்னஞ்சலில் வரும்.
"உங்கள் பாத்தியின் மூன்றாண்டுக் குத்தகை
இம்மாதம் முப்பதோடு முடிகிறது.
செடிகளை அகற்றி ஒப்படைக்கவும்."

ஈசூன் பூங்கா ஓரம்
இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம்.
மல்லாந்து படுக்கலாம்,
புரண்டால் அடுத்தவர் கீரை.
அதற்குத்தான் இந்த நவம்பர் மழையில்
இரண்டு சாக்கும் ஒரு கத்தரிக்கோலுமாய் நான்.

பழுத்தது பழுக்காதது பார்க்க நேரமில்லை.
சுண்டைக்காய் கொத்துக் கொத்தாய் ஒடிந்தது.
மிளகாயில் பாதி
பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே
முடிவெடுக்காமல் நின்றது.
நான் எடுத்தேன்.

பக்கத்துப் பாத்தி திரு. கோ
கடுகுக் கீரையை ஜாடியில் அடுக்கி
உப்பிட்டு, மேலே கல் வைத்து மூடினார்.
முடிந்தது அவர் வேலை.
அவருக்கு வெயில் வேண்டாம்,
உப்பும் இருட்டும் போதும்.
எனக்குக் கொஞ்சம் பொறாமை.

மோரில் ஊறிய மிளகாய்க்கு யார் பதில் சொல்வது?
பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் தட்டு வைத்தால்
நகர மன்றத்தின் கடிதம்.
துணிக்கம்பில் மூன்றாம் நாளாய்
அதே ஈரச் சட்டைகள்.
மின்விசிறிக்குக் கீழே பரப்பினேன்.
ஓ நிலைத் தேர்வுக்குப் படிக்கும் மகள்
மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.
அவள் பெயர் இளவேனில்.
எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே பருவம்.

பிறகுதான் வேன் நினைவுக்கு வந்தது.
மழை விட்ட அரைமணி நேரம் போதும்,
கண்ணாடி ஏற்றிய வேன் ஓர் அடுப்பு.
டாஷ்போர்டில் வெள்ளைத்துணி விரித்து
சுண்டைக்காயை ஒரு பக்கம்,
மிளகாயை ஒரு பக்கம்.

செம்பவாங்கில் முப்பது பார்சல்,
சிலேத்தாரில் பன்னிரண்டு,
உட்லண்ட்ஸில் மின்தூக்கி பழுது, எட்டு மாடி ஏறினேன்.
அந்த நேரமெல்லாம்
கீழே என் பயிர் தனியாகக் காய்ந்தது.
காலையில் கிழக்கு பார்த்து நிறுத்துவேன்,
மாலையில் மேற்கு.
கோட்டுக்குள் சரியாக நிற்கவில்லையென்று
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
சூரியனுக்கு நேராக நிற்கிறேன் என்று
அவனிடம் எப்படிச் சொல்ல?

காலணிப் பெட்டி ஒன்று
புளித்த மோர் மணப்பதாகப் புகார்.
ஒற்றை நட்சத்திரம்.
மேற்பார்வையாளர் ரஃபீடா கூப்பிட்டு
"வண்டியில் என்னதான் வைத்திருக்கிறீர்கள்?" என்றார்.
மறுநாள் ஒரு பிடி பொட்டலமாய்க் கொடுத்தேன்.
எண்ணெய் சூடாக இருக்க வேண்டுமா என்று மட்டும்
இரவு பதினோரு மணிக்குக் கேட்டு எழுதியிருந்தார்.

முப்பதாம் தேதி மண்ணைத் தட்டிச் சமன்செய்தேன்.
அடுத்த குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தாயிற்று.
விதைகள்
அப்பாவின் காலியான மாத்திரைப் பெட்டியில்,
திங்களில் மிளகாய், செவ்வாயில் சுண்டை,
மற்ற நாட்கள் காலி.

திரு. கோ ஒரு ஜாடி கொடுத்தார்,
நான் ஒரு டப்பா.
"எப்போது திறக்கலாம்?" என்றேன்.
"உன்னுடையதை எப்போது பொரிக்கலாம்?" என்றார்.
இருவருக்கும் தெரியவில்லை.
மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

நான்கு கிலோ
முந்நூறு கிராம் ஆகிவிட்டது.
ஒன்று மட்டும் கணக்கில் வரவில்லை.
குளிர்காற்று வரும் துளைக்குள் விழுந்து
ஒவ்வொரு திருப்பத்திலும்
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்
கடகடவென்று ஓடுகிறது.
சத்தத்திலேயே தெரிகிறது,
நன்றாகக் காய்ந்திருக்கிறது.