சேதாரம்

அறுநூறு ரூபாய் கடனுக்குக்
கொழுந்தன் சிங்காரம் கொண்டுவந்து இறக்கியது
ஒரு முயல்.
ஏற்காட்டுக்கு வேன் ஓட்டுகிறவன்.
ஒண்டிக்கடையில் யாரோ கொடுத்தார்களாம்.
வந்து சேர்வதற்குள் சீட்டை நனைத்திருந்தது.
பாக்கி என்றே பெயர் வைத்தோம்.

பனங்காட்டில் எங்கள் வீடு.
முன்னறை பட்டறை, பின்னறை படுக்கை,
நடுவில் கதவுக்குப் பதில் ஒரு பழைய சேலை.
கொலுசு செய்கிற வீட்டில்
கூட்டிய குப்பையைத் தெருவில் கொட்டுவதில்லை.
அராவிய தூள், ஊதும்போது தெறித்த பொடி,
பாயை உதறினால் விழுவது,
பாதத்தைத் தட்டினால் உதிர்வது
எல்லாம் ஒரு டால்டா டின்னுக்குப் போகும்.
மாதம் ஒருமுறை செவ்வாய்ப்பேட்டை மாதையன் வருவார்.
எடை போடுவார், எரிப்பார், உருக்குவார்,
எங்கள் தரையிலிருந்து வெள்ளி எடுப்பார்.
கை கழுவிய தண்ணீரைக்கூட
நாங்கள் சாக்கடைக்குச் சும்மா தருவதில்லை.

அந்தத் தரையில்தான்
பாக்கி உருட்டிப் போட்டது.
உலர்ந்த, நாற்றமில்லாத உருண்டைகள்,
சலங்கைக்குக் கோக்கும் முத்தின் அளவு.
கரண்ட் போன ஒரு சாயங்காலம்
ஒன்றைப் பொறுக்கி முத்து டப்பாவில் போட்டேன்.
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

குளியலறை ஓரத்தில் பேசின் வைத்தேன்,
தினத்தாள் விரித்தேன்,
தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்தேன்.
இறங்கிவந்தது.
வைத்தேன்.
இறங்கிவந்தது.
நாற்பது தடவைக்குப் பிறகு
பின்னங்காலால் தரையில் ஓர் அடி அடித்தது.
அடுத்த வீட்டுச் சுத்தியல் ஒரு நொடி நின்றது.
அவர் தாளைச் சுருட்டி ஓங்கினார், அவ்வளவுதான்.
ஒருநாள் முழுக்கக் கட்டிலடியில் கிடந்து
ராத்திரி ஏறிவந்து
அவர் தலையணையில் மட்டும் பெய்தது.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கேட்டார்:
"அதா எந்த மூலைக்குப் போவுது?"
சொன்னேன்.
"அப்போ தட்டை அங்க வைங்க.
முயலைத் தட்டுக்குத் தூக்காதீங்கம்மா,
தட்டை முயலுக்குத் தூக்குங்க."

அது போன மூலை
அவர் உட்கார்ந்து ஊதுகிற மூலை.
வீட்டிலேயே வெள்ளி அதிகம் சிந்தும் இடம்.
பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் பலகை,
ஜன்னல் வெளிச்சம் இடது கைமேல் விழும்படி.
"முயலுக்காக எவனாவது பட்டறையை நகத்துவானா?"
நான் பதில் சொல்லவில்லை.
எண்பது ஜோடி கொடுத்துவர அவர் கடைவீதிக்குப் போன நேரம்
பலகை, ஊதுகுழல், உலைச்சட்டி
எல்லாவற்றையும் எதிர்ச்சுவருக்கு இழுத்துப் போட்டேன்.
வந்தார். பார்த்தார். சட்டையைக் கழற்றினார்.
வெளிச்சம் சரியில்லை என்று
இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பேசினின் ஒரு பக்கம் காய்ந்த புல்.
தின்றுகொண்டேதான் போகுமாம்.
பீடி பற்றவைக்காமல் காலையில் எழுந்து போகாதவருக்கு
இது மட்டும் உடனே புரிந்தது.
முழுசாகக் கழுவக் கூடாது,
நாலு உருண்டை விட்டுவைக்க வேண்டும்,
தன் இடம் என்று அதற்குத் தெரிய.
வெளியே சிந்தியதை வினிகரில் துடைத்தேன்,
துடைத்த துணியையும் டின்னில் போட்டேன்.

மூன்றாம் வாரம்
தரையில் எண்ணினால் பதினொன்று.
ஐந்தாம் வாரம் இரண்டு.
தலையணையை மட்டும் இன்னும்
உயரத்தில் வைக்கிறோம்.

மாதையன் டின்னுக்குள் கைவிட்டு
ஓர் உருண்டையை எடுத்து
விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார்.
"இதென்னம்மா?"
"சேதாரம்," என்றேன்.
ஐம்பது கிராம் கழித்துக்கொண்டார், சிரிக்காமல்.
பிறகு மூலையைப் பார்த்தார்.
பாக்கி பேசினுக்குள் உட்கார்ந்து
புல்லை இழுத்துக்கொண்டிருந்தது.
"அந்தத் தாளையும் சேத்து வைங்க.
பட்டறையெல்லாம் சுத்துதில்ல?
அது காலுலயும் ஒட்டுமே."

அன்றிலிருந்து
பேசின் தாளுக்குத் தனி மூட்டை.
காலண்டரின் பின்பக்கம் தனிக் கணக்கு.
அறுநூறில் இதுவரை
நாற்பத்தியொரு ரூபாய் அடைந்திருக்கிறது.